புல் பச்சையாக இருக்கிறது என்றேன்

பக்கத்து வீட்டில் இன்று காலை புல் வெட்டினார்கள். அந்த வாசம் சன்னல் வழியே வந்ததும், கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நமக்குக் கல்யாணமாகி, பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸ் வீட்டில் பல வருடம் இருந்துவிட்டுக் கிள்ளான் வீட்டுக்கு வந்தோம். வாசலில் சின்னதாக ஒரு புல்தரை. உனக்கு அதுதான் வீடு. மழை விட்ட மாதம் அங்கங்கே பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. நான் பூச்சிமருந்து வாங்கிவந்து நின்றேன். செராஸில் செடி நர்சரியில் வேலை பார்த்தவள் நீ.

"எந்தப் பூச்சின்னே தெரியாம எதுக்கு மருந்து? பத்து நிமிஷம் பொறுங்க லா."

சோப்பைக் கரைத்து, திட்டின் ஓரத்தில் அந்தச் சவுக்காரத் தண்ணீரை ஊற்றினாய். பச்சைப் புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வந்தன. இருவரும் குந்தியிருந்து பொறுக்கினோம். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள் என்றாய், கேட்டேன். அடுத்த மாதமே தழைத்துவிட்டது.

பிறகு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். தினமும், "புல் எப்படி இருக்கு?" என்று கேட்பாய். "பச்சையா இருக்கு" என்பேன். நான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டிருந்தேன். பாதித் தரை காய்ந்து கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் உன்னை ஒருநாள் மட்டும் வீட்டுக்கு அனுப்பினார். டாக்சியிலிருந்து இறங்கியதும் பார்த்துவிட்டாய். என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்தாய். வேரே இல்லாமல் கழன்று வந்தது. அடியில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன.

"வண்டுப் புழு. வேரைத் தின்னுருச்சு. இது சவுக்காரத் தண்ணிக்கு மேல வராது. தோண்டித்தான் எடுக்கணும்."

நாற்காலி போட்டு உன்னை உட்காரவைத்து, நீ கைகாட்டிய இடமெல்லாம் கிளறினேன். மைனாக்கள் இறங்கி வந்து புழுக்களைக் கொத்தின.

"உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"நானுந்தான். வலி இல்லன்னு தினமும் சொன்னேன்ல."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு உன் மடியில் முகம் புதைத்து அழுதேன். "ரோட்டுல ஆளுங்க பாக்குறாங்க" என்றாய். ஆனால் என் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அடுத்த வாரமே நீ போய்விட்டாய். புதுப் புல் பதித்தேன். அது வேர்விட்டுப் பிடித்தபோது விசாரிக்க ஆளில்லை.

இப்போது பூச்சோங்கிலிருந்து நம் மகள் போன் செய்து, "எப்படிப்பா இருக்கீங்க?" என்கிறாள். நல்லா இருக்கேன் என்றுதான் வாயில் வருகிறது. அதை விழுங்கிக்கொண்டு, "அம்மா ஞாபகமாவே இருக்கும்மா, முடியல" என்கிறேன். அவளும் அந்தப் பக்கம் அழுகிறாள். கொஞ்ச நேரம் இருவரும் போனை வைப்பதில்லை.