பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்கப் போவதில்லை, அதைத்தான் போன வாரமே தெரிந்துகொண்டுவிட்டேனே. பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் நீ திரையில் வந்து பேசிக்கொண்டிருந்தபோது, பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அ பிரிவில் சாக்பீஸும் கையுமாக நின்றவள் உன் அம்மாதான். குரல் தெளிவாக இருந்தது, சளி இல்லை, சிரிப்பும் தாராளமாக வந்தது. வீட்டுக்குப் பேசும்போது மட்டும் அந்தச் சிரிப்பு எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை, எங்களுக்கு வருவதெல்லாம் வேலைம்மா, அலுப்பும்மா, அப்புறம் பேசறேம்மா. போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைப்பானேன், எனக்கு வயிற்றெரிச்சல். அப்பா இதற்குக் கௌரவமாக வேறு சொல் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார், அகப்படவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், உனக்கு உன் பக்கத்துக் கதைதான் தெரியும். இவ்வளவு காலமும் அ பிரிவுக்கு வரலாறு, பூகோளம் இரண்டையும் நானே எடுத்தேன். இந்த வருடம் பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியை என்னை அழைத்து, இனிமேல் இரண்டு பிரிவுக்கும் பூகோளம் புது டீச்சருக்கு, வரலாறு உங்களுக்கு என்று பிரித்துவிட்டார். காரணம் கேட்டால், புது டீச்சருக்குப் புரொஜெக்டர் ஓட்டத் தெரியுமாம், பூகோளத்துக்குப் படம் வேண்டுமாம், வரலாற்றுக்கு வாய் போதுமாம். நிலக்கரி, பெட்ரோல், அணைக்கட்டு, சூரிய ஒளி, காற்று எல்லாம் அவள் பங்குக்குப் போயிற்று, எனக்கு மிஞ்சியது செத்துப்போன மன்னர்கள். சொத்துப் பிரிப்பதுபோல் மேப் அலமாரியைக்கூடப் பிரித்தோம், ஆறுகள் ஓடுகிற மேப் அவளுக்கு, பேரரசுகளின் எல்லைக் கோடு போட்டது எனக்கு. அந்தப் புது டீச்சர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அந்தக் கோணல் வகிடுக்காரிதான். என்னிடம் படித்தவள், மேப்பில் கரையோரம் நீலம் தீட்டுவது எப்படி என்று என் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். நீ என் வயிற்றில் பிறந்தும் என் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராதவள். டீச்சர் பிள்ளை டீச்சர் வகுப்பில் இருக்கக் கூடாது என்பது நம் பள்ளிக்கூடத்து வழக்கம், உன்னை ஆ பிரிவில்தான் போட்டார்கள், வராந்தாவில் எதிரே வந்தால் நீயும் எல்லாரையும்போல் குட்மார்னிங் டீச்சர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாய். அந்த ஆ பிரிவுக்கே இப்போது நீ பாடம் எடுக்க வந்தது பொருத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அன்று நான் முடியாட்சி பாடம் ஆரம்பித்து, மன்னருக்குப் பின் பட்டம் யாருக்கு என்பதைக் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் புரொஜெக்டர் கிர்ரென்று ஒரு சத்தம், பிறகு வணக்கம் என்று உன் குரல். நான் மூத்த இளவரசனுக்குக் கீழே போட வேண்டிய கோட்டை மந்திரிக்குக் கீழே போட்டுவிட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்காமலே அடுத்ததில் தாவுகிற அந்தப் பழக்கம் என் வீட்டுப் பழக்கம் ஆயிற்றே. கோபம் தலைக்கேறிவிட்டது. எல்லாரும் புத்தகத்தைத் திறங்கள், சத்தம் போட்டு வாசியுங்கள் என்று என் பிள்ளைகளை ஏவிவிட்டேன். இதுங்களும் இதற்காகவே காத்திருந்ததுபோல், மன்னரே நாட்டின் தலைவர், மன்னர் சொல்லே சட்டம் என்று கூரை எகிறும்படி கத்தின. கொஞ்ச நேரத்தில் கோணல் வகிடு வாசலில் வந்து நின்று, டீச்சர் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்றீங்களா, எங்களுக்கு ஒண்ணும் கேக்கலை என்று குழைந்தாள். யார் பேசுவது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையில் எனக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லை, அது அப்போதுதான் உறைத்தது. உடனே வாசித்தது போதும், சத்தமில்லாமல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, நோட்டுத் திருத்துகிற சாக்கில் நாற்காலியைத் தடுப்பை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

உன் காற்றாலை வேலையைப் பற்றி நன்றாகப் பேசினாய். அதுதான் இன்னும் எரிகிறது. காற்று அளவுக்கு மீறி அடித்தால் காற்றாலையை நிறுத்திவிடுவோம், இல்லையென்றால் அதுவே தன்னை உடைத்துக்கொள்ளும் என்றாய். காற்று கூடக் கூட மின்சாரம் கூடும் என்றுதான் நான் வருடக்கணக்காக நடத்தி, அதற்கு மார்க்கும் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நேராகச் சொன்னதை உன் அம்மா பலகை இடுக்கில் காது வைத்துத் தெரிந்துகொண்டாள். கோபுரத்துக்குள் ஏணியில் ஏறுவதைச் சொன்னாய், மேலே போனதும் கடலும் வானமும் ஒரே நிறமாகத் தெரியும் என்றாய், இதெல்லாம் எனக்கு ஏன் சொன்னதில்லை? நான் கேட்டபோதெல்லாம் சாப்பிட்டேம்மா, தூங்கினேம்மா என்பதோடு சரி. ஒருவேளை நான் கேட்டதே அவ்வளவுதானோ என்னவோ. பெல்ட் மாட்டாமல் ஏறுகிற ஆளைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னாயே, அது நீதான் என்று எனக்குச் சந்தேகம், அது நீயாக இருந்தால் என் கையில் அடி உண்டு.

இதெல்லாம் போகட்டும். கடைசியில் ஒரு பிள்ளை எழுந்து, நீங்க எங்க ஸ்கூலுக்கு நேரில் வருவீங்களா அக்கா என்று கேட்டது. நீ உடனே, யோசிக்கக்கூட இல்லை, "கண்டிப்பா வர்றேன், இந்த லீவுக்கே வர்றேன்" என்றாய். அந்தப் பக்கம் கைதட்டல். இந்தப் பக்கம் நான் சிவப்புப் பேனாவை மூடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன், யாரோ ஒரு பிள்ளையின் நோட்டில் மை ஊறிவிட்டது. பாப்பா, இந்த லீவுக்கு வருகிறாயா என்று நான் எத்தனை தடவை கேட்டேன்? ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம்மா. அப்பா கேட்டதற்கும் பார்க்கலாம்ப்பா. பெற்றவர்களுக்குப் பார்க்கலாம், முகம் தெரியாத பிள்ளைகளுக்குக் கண்டிப்பா வர்றேன். அதுவும் என் பழைய மாணவி ஏற்பாடு செய்த கூட்டத்தில். நீ வருவதாக இருந்தால் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும், வராமல் இருந்தால் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டில் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, டீச்சர் உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ், இன்னிக்கு நம்ம பாப்பா எங்க கிளாஸ்ல பேசினா என்றாள். நம்ம பாப்பாவாம். எப்போதிலிருந்து நம்ம? அப்படியா, தெரியவே தெரியாதே என்று நானும் நடித்தேன். அவள் விடவில்லை, நீ ஒத்திகை பார்த்தது, அவளோடு இரண்டு நாள் பேசியது, உன் படங்களை அனுப்பியது என்று அடுக்கிக்கொண்டே போனாள். அந்தப் படங்களில் ஒன்றில் நீ மஞ்சள் ஹெல்மெட்டோடு நிற்கிறாய், தலைமுடியை வெட்டிவிட்டாய். வெட்டியது எனக்குத் தெரியாது. மறுநாள் ஆ பிரிவுக் கதவில் நீ வரப்போவதாகக் கலர் பென்சிலில் எழுதி ஒட்டிவிட்டார்கள், தினமும் அதைத் தாண்டித்தான் நான் என் மன்னர்களிடம் போக வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் வாசல் பக்கத்து ரிப்பேர் கடையில் ஏதோ ஒரு பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தார், தலையே நிமிரவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவருக்கு வந்த ஒரே கவலை என்ன தெரியுமா, என் கடையைப் பத்தி ஏதாவது சொன்னாளா என்றார். காந்த மோட்டார் வைத்த குட்டி ஃபேனைக் கையால் சுற்றினால் பல்பு எரியும் என்று சின்ன வயதில் உனக்குக் காட்டியவர் அவராம், காற்றாலை அங்கேதான் தொடங்கிற்றாம். நீ சொல்லவில்லை என்றதும் அவர் முகமும் சுருங்கிவிட்டது, எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி. பிறகு தானே சிரித்துக்கொண்டு பழைய கதையைக் கிளறினார். சாப்பிடும்போது நான் அந்தக் கோணல் வகிடுக்காரியின் மேப் எவ்வளவு சுத்தம் என்று புகழ்ந்தால் நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாயாம், ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, அவளையே பொண்ணா வெச்சுக்கோ என்று எழுந்து போனாயாம். அப்போ பொண்ணு, இப்போ அம்மா, நடுவுல அந்தப் புள்ள பாவம் என்கிறார். அவருக்கு என்ன, வாய் இருக்கிறது பேசுகிறார்.

மற்றபடி வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மாடித் தொட்டி கசிந்தது, அப்பா அடைத்தார், இப்போது வேறு இடத்தில் கசிகிறது. அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது, வைத்தியரிடம் போகச் சொன்னால் மோட்டாருக்கு எண்ணெய் விடுவதுபோல் தானே ஏதோ தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறார், நீ சொன்னால் கேட்பார். உன் அறையில் அடைத்து வைத்திருந்த பரீட்சைத் தாள்களை எல்லாம் எடுத்துவிட்டேன், கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறேன், இது உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே, பழையது குழி விழுந்துவிட்டது. கோபுரம் ஏறுகிற நாளில் காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. வெட்டிய முடி வளரட்டும், அல்லது இருக்கட்டும், நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எந்தக் குறையும் இல்லாமல், நீ ஏறுகிற ஏணியெல்லாம் உறுதியாக இருந்து, ஏறியபடியே பத்திரமாக இறங்கி, நூறு வயது நன்றாக இரு. அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், கடையைப் பற்றி அடுத்த தடவை சொல்லவும் சொன்னார்.

முடிக்கும் முன் நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். முடியாட்சி பாடத்தில் ஒரு வரி உண்டு, மன்னர் தன் மகளைத் தூரதேசத்து மன்னருக்கு மணம் செய்து கொடுத்து இரு நாட்டு நட்பை வலுப்படுத்தினார் என்று. ஒரு மார்க் கேள்வி, கடகடவென்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போவதுதான் என் வழக்கம். நேற்று ஒரு பெண் பிள்ளை எழுந்து, "அந்த இளவரசி அப்புறம் அவங்க அம்மாவைப் பாக்க வந்தாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். புத்தகத்தில் அது இல்லை, எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. புத்தகத்தில் இல்லாததை வாயால் சொல்லக் கூடாது, எதற்கும் ஆதாரம் வேண்டும் என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளை விரட்டுகிறவள் நான். வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்தாள் என்று சொல்லிவிட்டேன். அந்த லீவுக்கே வந்தாள், நேராக வீட்டுக்குத்தான் வந்தாள் என்றும் சொல்லிவிட்டேன். ஆதாரம் இல்லாமல் நான் நடத்திய வரலாறு அது ஒன்றுதான், பாப்பா, அதைப் பொய்யாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா