இரைச்சலில் கேட்கும் காது

இன்று காலை காது டாக்டர் இரண்டு காலுள்ள ஒரு கம்பியைத் தட்டி, என் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்தார். சில்லென்று பட்டது. "சத்தம் கேக்குதாம்மா?" என்றார். கேட்டது. கூடவே உன் ஞாபகமும் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. உன்னை நினைக்காத நாளில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நினைத்த மாதிரி என்றைக்கும் நினைத்ததில்லை.

செராமிக் கோப்பையை இதே எலும்பில் வைத்துத் தட்டிப் பார்க்கிற ஒருத்தி என்னோடு வேலை செய்தாள் என்று அவரிடம் சொன்னேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றேன். அவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். செவிப்பறைக்கு உள்ளே மூன்று குட்டி எலும்புகள். கடைசி எலும்பு அரிசி அளவுதான் இருக்குமாம். அது அசைந்தால்தான், நத்தைக்கூடு மாதிரி இருக்கிற உள்காதுக்குச் சத்தம் போகும். உனக்கு அந்த எலும்பு இறுகிப் போயிருக்கலாம், உள்காது நன்றாகவே இருந்திருக்கும், அதனால்தான் மண்டை எலும்பு வழியாக வந்த சத்தம் கேட்டது என்றார். பிறகு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"இந்த மாதிரி காது உள்ளவங்களுக்கு அமைதியான எடத்தவிட எரைச்சல்லதான் பேச்சு நல்லாக் கேக்கும். எரைச்சல் அவங்களுக்கு அவ்வளவா உள்ள போகாது. ஆனா நாம அதுக்கு மேல கொரல ஒசத்திப் பேசுவோம் இல்ல, அது போயிடும்."

"பஸ்ஸுலயுங்களா?"

"பஸ்ஸுல நல்லாவே கேக்கும்மா."



அந்தப் பெட்டி உனக்கு மறந்திருக்காது. ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, சூளையிலிருந்து வந்த கோப்பைகளை மூங்கில் குச்சியால் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தோம். கணீரென்றால் பெட்டிக்குப் போகும். டொக்கென்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல், ஒதுக்கிவிட வேண்டும். உன் காது மங்கி வருவது எனக்கு மட்டும்தான் தெரியும். மேஸ்திரி உன் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால், மேசைக்கடியில் உன் காலை மிதிப்பேன். அப்படி இருக்கும்போதுதான் நம் மேசைப் பெட்டி ஒன்று பாதிக்குப் பாதி விரிசல் கோப்பைகளோடு திரும்பி வந்தது. அதை அடுக்கியவள் நான். அன்று முழுக்க என் தம்பி கல்யாணப் பேச்சுதான் என் வாயில். கை தட்டியது, காது அங்கே இல்லை.

"இது யாரு கைவேல? யாரா இருந்தாலும் நாளையிலேர்ந்து வேலை கெடையாது" என்றார் மேஸ்திரி. நீ வெளியே குழாயடியில் இருந்தாய். உன் வீட்டுக்காரர் கால் முறிந்து படுத்திருந்த சமயம் அது. உன் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. எல்லாம் தெரிந்தும் என் வாய் முந்திக்கொண்டது.

"அவளுக்குக் காது கேக்காதுங்க மேஸ்திரி. ரொம்ப நாளாவே."

நீ உள்ளே வந்ததும் அவர் உன் முகத்துக்கு நேராகக் கத்தினார். "நாளைக்குக் காலையில எல்லாரும் பாக்கத் தட்டிக் காட்டு. ஒண்ணு தப்பினாலும் வூட்டுக்குப் போயிடு." யார் சொன்னது என்று நீ கேட்கவில்லை.

சாயங்காலம் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேல் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தோம். இன்ஜின் சத்தம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நீ ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாய். உனக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் உன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "அந்தப் பெட்டி என்னுதுடி. நான்தான் ஒன்ன மாட்டிவுட்டேன்." நீ திரும்பவில்லை. சொல்லியும் ஆயிற்று, மாட்டிக்கொள்ளவும் இல்லை என்று எனக்கு ஒரு கேவலமான நிம்மதி. இறங்கும்போது "போயிட்டு வரேன்டி" என்றாய், எப்போதும் போல.

மறுநாள் மேசைமேல் பன்னிரண்டு கோப்பைகள். மேஸ்திரி முன்னதாகவே தட்டிப் பார்த்து, விரிசல் உள்ளவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருந்தார். நீ முதல் கோப்பையை எடுத்துத் தட்டினாய். உன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி தட்டினாய். நீ தோற்றுவிட்டால் பெட்டிக் கதை அதோடு முடிந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

நீ கோப்பையைத் தூக்கி, அதன் விளிம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைத்துத் தட்டினாய். யாரோ சிரித்தார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்து நான்கை ஒதுக்கினாய். காகிதத்தில் மூன்றுதான் இருந்தது. நான்காவதை மேஸ்திரி தன் காதருகே பிடித்துத் தட்டினார். டொக்.

"காதுல ஒண்ணும் கொறை இல்லையே. அப்ப அந்தப் பெட்டி யாருது?" என்று கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னுதுதாங்க" என்றாய் நீ. "அன்னிக்கு எல்லாரும் தட்டற மாதிரி தட்டிட்டேன். இனிமே இப்படித்தான் வச்சிப் பாப்பேன்."

நான்காவது கோப்பை உன்னைக் காப்பாற்றியது. ஒரு வாரம் வேலைக்கு வராதே என்றதோடு விட்டுவிட்டார். காது சரியில்லாதவள், தன் தப்புதான் என்று நம்பிவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் அப்படியே நினைத்திருந்தேன்.

திரும்பி வந்த நாளிலிருந்து, நான் பெட்டியை மூடப்போகும் போதெல்லாம் நீ கை நீட்டி, என் கோப்பைகளில் இரண்டு மூன்றை எடுத்து எலும்பில் வைத்துப் பார்ப்பாய், சில சமயம் ஒன்றை ஒதுக்கியும் வைப்பாய். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் பக்கத்துக் கொட்டகையில் களிமண் அரைக்கிற மெஷின் போட்ட சத்தத்துக்கு நடுவே கத்திவிட்டேன். "நீ என்ன எனக்கு மேஸ்திரியா? ஒன் பெட்டியப் பாரு, செவிடி." நீ காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டிச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே என் பெட்டியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்தாய்.

அதுவும் கேட்டிருக்கும், இல்லையா? பஸ்ஸில் சொன்னதும் கேட்டுத்தானே மறுநாள் அப்படிச் சொன்னாய்? இப்போது யாரிடம் போய்க் கேட்பது? உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட அத்தனை மத்தியானங்களையும் நினைத்தால் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு என் பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அது என் காதின் திறமை என்று நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.