எதிர் பெஞ்சில் நீ இல்லாத ஃபைனல்

அடியே, இன்று மதியம் மழை விட்டதும் உன் கல்லூரி பாஸ்கெட்பால் கோர்ட்டைப் பெண்கள் சாக்கு போட்டுத் துடைத்தார்கள். வெயில் குடித்த சிமெண்ட் தரை நனைந்தால் ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் எனக்கு வயது இருபது ஆகிவிட்டது. நீ முசிறி பஸ்ஸில் வருவாய், நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவேன். ஒரே டீம். கோர்ட் காயும்வரை பொறுக்காமல் ஆடி, வழுக்கி விழுந்து, சிராய்த்த முட்டியோடு சிரித்த கழுதைகள் நாம்.

இப்போது எனக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. பேச வராததால்தான் எழுதுகிறேன். இன்று ஃபைனல். உன் டீமும் என் டீமும்!

நாம் இருவரும் ஆளுக்கொரு கல்லூரியில் கோச்சான நாளிலிருந்து எத்தனை சண்டை! மேட்ச் முடியும்வரை முறைப்போம். முடிந்ததும் ஒரே ஸ்கூட்டரில் டீக்கடைக்குப் போவோம். என் பெண்களுக்கு அது புரியவே புரியாது. "மேடம், அவங்க உங்களுக்கு ஃப்ரெண்டா, எதிரியா?" என்பார்கள். இரண்டும்தான் என்றால் சிரிப்பார்கள்.

ஆனால் செல்வியை நீ தட்டிக்கொண்டு போனதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். சமயபுரத்துக்குச் சாமி கும்பிடத்தான் போனோம். பூக்கடையில் கூரை இடிக்கிற உயரத்தில் ஒரு பெண். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் கையின் நீளத்தைப் பார்த்தோம். "தேங்காய் வாங்க மறந்துட்டோம்டி, ஓடிப்போய் வாங்கிட்டு வா" என்றாய். நானும் பைத்தியம் மாதிரி போனேன். திரும்பி வந்தால் நீ அவள் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறாய்!

"பொம்பளப் புள்ள அரை டவுசர் போட்டுக்கிட்டு ஆடுறதாங்க?" என்றார் அவர்.

"முட்டிக்குக் கீழ வர்ற மாதிரி நானே தெச்சுத் தரேங்க. நீங்க புள்ளைய மட்டும் அனுப்புங்க."

சொன்னபடி தைத்தும் கொடுத்தாய். அந்த நீள டவுசரோடு வந்து அவள் என் டீமைப் பந்தாடியபோது என் வயிறு எரிந்தது, போ.

இந்த வருஷம் சீசன் தொடங்கும் முன்பே நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறியவள் திரும்பவில்லை. காரியம் முடிந்த கையோடு உன் பிரின்சிபால் டீமைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "கப் வந்தா புது கோச் போடலாம்மா. இல்லேன்னா டீம் வேணாம். கோர்ட்டுல கார் நிறுத்திக்கலாம்." செல்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இப்போது அவள்தான் கேப்டன். அழவில்லை. "எங்களுக்கும் சொல்லிக்குடுங்க மேடம்" என்றாள், அவ்வளவுதான்.

அப்புறம் என்ன, காலையில் உன் கோர்ட், மாலையில் என் கோர்ட். என் பெண்களுக்குப் பொறாமை. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாத டீமை ஜெயித்து என்ன பெருமை என்று அவர்களே சமாதானமும் ஆனார்கள். செல்விக்கு எல்லாம் வரும், ஃப்ரீ த்ரோ மட்டும் வராது. யாரும் தடுக்காமல், கோட்டில் நின்று நிதானமாகக் கூடையில் போடுவது. அதில்தான் அவளுக்குப் பந்து வெளியே போகும். தினமும் அவள் பந்தைத் தூக்கும்போது கவனம் சிதறாமல் பழகட்டும் என்று பக்கத்தில் நின்று தட்டைத் தட்டினேன், கத்தினேன், உன்னைப் போலவே கேவலமாகத் திட்டினேன்.

இன்றைய ஆட்டம்! ஐயோ, நீ பார்த்திருக்க வேண்டும். உன் பெஞ்சில் கோச் நாற்காலி காலி. செல்வியே ஆடினாள், அவளே ஆட்களை மாற்றினாள். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். மூச்சுவிடும் நேரம்தான் பாக்கி. என் பெண் ஒருத்தி அவசரத்தில் செல்வியின் கையில் அடித்துவிட்டாள். ஃபவுல். செல்விக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

என்னிடம் ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்தது. நீ என் பெண்களுக்கு வழக்கமாகச் செய்வாயே அந்த அக்கிரமம்: ஃப்ரீ த்ரோவுக்கு முன்னால் டைம் அவுட் கேட்டு, போடப்போகிறவளை நிற்கவைத்துப் பயத்தில் ஊறப்போடுவது. கேட்காமல் விட்டால் உன் டீம் பிழைக்கலாம். ஆனால் என் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விட்டுக்குடுத்து ஜெயிக்கவெச்சா அது ஜெயிப்பில்லடி, பிச்சை" என்று நீ ஒரு தடவை என்மேல் பாய்ந்ததும் காதில் கேட்டது.

கேட்டேன். டைம் அவுட்!

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள், கழுதை. டைம் அவுட் முடிந்ததும் கோட்டில் வந்து நின்றாள். முதல் பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. இரண்டாவது வலையை மட்டும் தொட்டு இறங்கியது. என் பெண் கடைசியாக வீசிய பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ஒரு பாயிண்ட்டில் தோற்றோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பெஞ்சிலிருந்து துள்ளிக் குதித்து, கைதட்டி, விசில் அடித்தேன். என் கேப்டன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மேடம்! தோத்தது நாமதான் மேடம்!"

"தெரியும்டி!" என்று கத்தியதில்தான் தொண்டை போனது. அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள், வேறு காரணத்துக்கு.

கப்பைக் கையில் வைத்துக்கொண்டு உன் பிரின்சிபால் என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கோச் போட்டுடறோம் மேடம். எந்த மாதிரி ஆளா பாக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

"என்னைத் தோக்கடிக்கிற ஆளாப் பாருங்க சார்."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். நான் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் ஒவ்வொரு மேட்சுக்கும் முந்தின நாள் நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான்: நாளைக்கு இவள் என்ன செய்வாள்? இன்னும் அப்படித்தான் யோசிக்கிறேன், அடியே. வேறு மாதிரி யோசிக்க எனக்குத் தெரியவில்லை.