எவரும் சுவைத்திராத நீர்

மார்ச் 4

அடிகுழாய் பொருத்தும் பணி இன்று நிறைவுற்றது. பொருத்தியவன் என் தம்பி. நான் ஊழியம் செய்யும் கிறிஸ்தவ மிஷன் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தோண்டிய ஆழ்துளைக் குழாய்கள் அனைத்தும் அவன் கைபட்டவையே. நீர்ச் சோதனையின் முடிவும் நல்லபடியாக வந்துவிட்டது. கிரீஸ் படிந்த கையைத் துடைத்தபடி, "அக்கா, ஒரு தடவை அடிச்சுப் பாரேன்" என்றான். மறுத்துவிட்டேன்.

ஞாயிறன்று பிரதிஷ்டை ஆராதனை. வெளியூர்ச் சபையிலிருந்து விருந்தினர் வருகின்றனர். வரவேற்புரை என்னுடையது. ஆறாம் வகுப்போடு நின்றவள்; பழைய புத்தகக் கடையையே பள்ளியாகக் கொண்டவள். அத்தகையவளிடம் போதகர் இப்பொறுப்பை ஒப்படைத்தது சிறிய காரியமன்று.

உரையின் உச்சம் இவ்வாக்கியம்: "இதுவரை எவரும் சுவைத்திராத இந்நீர், இதோ, உங்கள் கண்முன் பெருகப்போகிறது." அதை நான் சொல்லி முடிக்கும் கணத்தில் கைப்பிடி இறங்கவேண்டும். அதற்குமுன் ஒருவர் குடித்துவிட்டாலும் வாக்கியம் பொய்யாகிவிடும்.

மாலையில் கைப்பிடியைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

மார்ச் 6

எதிர்வீட்டுத் தையல்காரி குடத்துடன் வந்து நின்றாள். பின்னால் அவள் மகள். ஓயாத பேச்சால் ஊரே அச்சிறுமியை வாயாடி என்றழைக்கும்.

"தண்ணி வந்தாச்சுன்னாங்களே அக்கா, பூட்டியிருக்கு?"

பிரதிஷ்டைக்கு முன் திறத்தல் முறையன்று என்றேன்.

"மேலிடத்து உத்தரவா?"

நான் ஆம் எனவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. அவளாகவே தலையசைத்துக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தாள். வாயாடி மட்டும் சங்கிலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

மார்ச் 8

விருந்தினர் வருகை இரண்டு வாரம் தள்ளிப்போய்விட்டது. போதகர் தொலைபேசியில் தெரிவித்தார். "குழாயை என்ன செய்யறதுன்னு நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்றார். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாயிருந்தது.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "திறந்து விடு அக்கா. தண்ணி என்ன கல்யாணப் பொண்ணா, மாப்பிள்ளை வர்ற வரைக்கும் உள்ளேயே வைக்க?"

சொல்லின் அருமை ஸ்பானர் பிடிப்பவனுக்கு விளங்காது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 11

"பெருகப்போகிறது" என்பதைப் "பெருக்கெடுக்கவிருக்கிறது" என மாற்றினேன். ஓசை நயம் கூடியிருக்கிறது. உரையை நான் உரக்கப் படித்துப் பார்ப்பதை வாயாடி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 15

வாயாடியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு. துவண்ட துணிபோல் தாயின் தோளில் கிடந்தாள். குளத்து நீர்தான் காரணமென்று நர்ஸ் சொன்னாளாம்.

மிஷன் வண்டியில்தான் போனார்கள். அது மிஷன் எனக்கு வாராவாரம் அனுப்பும் குடிநீர்க் கேன்களை இறக்க வந்த வண்டி. கேன்களை என் வாசலில் அடுக்கிவிட்டு, அந்த இடத்தில் பிள்ளையைக் கிடத்தினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் நான் எதைக் குடித்தேன்? அவங்க எதைக் குடிச்சாங்க? ஒரு நாளாவது யோசிச்சேனா? பாவி, ஒரு வாக்கியத்துக்காக—

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தேன். அவசரத்தில் சாவி துவாரத்தில் நுழையவே மறுத்தது. சங்கிலி விழுந்த சத்தம் கேட்டுக் குடங்களோடு பெண்கள் வந்துவிட்டனர். எனக்கு நன்றி சொன்னார்கள். மேலிடத்தில் நான் மன்றாடி அனுமதி பெற்றதாக நினைத்துவிட்டார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா?

மார்ச் 17

ஆஸ்பத்திரிக்குச் சென்றேன். கையில் டிரிப்ஸ் ஊசியோடு கிடக்கிறாள். கண்கள் குழிந்துவிட்டன. உதடு வெடித்திருக்கிறது. தையல்காரி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"எங்களுக்காக மேல பேசித் திறக்க வெச்சீங்களாமே. நீங்க நல்லா இருக்கணும்."

எத்தனை அகராதிகளைப் புரட்டியவள் நான். அவள் துடைத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

வாயாடி கண்ணைத் திறந்து, "குழாய்ல தண்ணி வேகமா வருதா?" என்று கேட்டாள். வருது என்றேன். "பேச்சு எழுதி முடிச்சிட்டீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். வெளியே வந்து படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஜெபிக்க முயன்றேன். என் ஜெபமும் உரையைப் போலவே அடுக்கடுக்காக வந்தது. நிறுத்திவிட்டேன்.

மார்ச் 20

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன அக்கா?" என்றான்.

மார்ச் 23

ஆராதனை நடந்தது. பந்தல், நாற்காலிகள், விருந்தினர். பிள்ளையை நேற்றுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தாயின் மடியில் சாய்ந்திருந்தாள். போதகர் என்னை அழைத்தார். உரைத் தாளை மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டேன்.

"குழாயைப் பூட்டச் சொல்லி யாரும் சொல்லலை. மிஷனும் சொல்லலை, போதகரும் சொல்லலை. நான்தான் பூட்டினேன். என் பேச்சு அழகா முடியணும்னு பூட்டினேன்."

அவ்வளவுதான். என் வாழ்நாளில் மேடையில் பேசிய மிகச் சிறிய உரை. தையல்காரி என்னையே பார்த்தாள். பின் மகளைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பந்தலைவிட்டு வெளியேறினாள். அந்த நடையைப் பார்த்தேன். பார்க்கவேண்டியது என் கடமையென்று தோன்றியது. போதகர் தலைகுனிந்து ஜெபம் செய்தார். விருந்தினர் ஒருவர் கைப்பிடியை அடித்தார். யாரும் கைதட்டவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் தம்பி கேட்டது ஒன்றே: "சாப்பிட்டியா?"

மார்ச் 26

இனி எனக்குக் கேன் வேண்டாமென்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2

குழாயடிக்குப் போனேன். பெண்களின் பேச்சு நின்றுவிட்டது. என் குடம் நிரம்பி நான் நகர்ந்ததும் மீண்டும் தொடங்கியது. எனக்குப் பூட்டக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். திருத்த ஒன்றுமில்லை.

ஏப்ரல் 9

காலையில் வரிசையில் எனக்கு முன்னால் தையல்காரி. வாயாடிதான் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் எடைக்குக் கைப்பிடி இறங்குவதில்லை. எம்பித் தொங்குகிறாள், கால்கள் அந்தரத்தில் ஆடுகின்றன, பிறகு தண்ணீர் வருகிறது. கன்னத்தில் சற்றுச் சதை பிடித்திருக்கிறது.

அவர்கள் குடம் நிரம்பியது. என் குடத்தை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். வாயாடி விடவில்லை, தொங்கிக்கொண்டேயிருந்தாள். பாதியில் களைத்துத் தாயைப் பார்த்தாள்.

தையல்காரி என் பக்கம் திரும்பவில்லை. மகளிடம் மட்டும் சொன்னாள்: "பூட்டக்கா குடம் இன்னும் நிறையலை. அடி."

நிறைந்தது. தூக்கிக்கொண்டு நடந்தேன். நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.