தகப்பன் கையெழுத்து

என் கண்ணே,

உன் போனைப் பார்த்துவிட்டேன். உன் படத்தை வைத்து ஒருவன் உன்னை மிரட்டுகிறான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்" என்று அவனிடமே கெஞ்சியிருக்கிறாய்.

இப்படிப்பட்டவர்களைத் தண்டிக்கும் சட்ட வரைவை எழுதியவள் நான். சிறுமி புகார் கொடுக்கத் தகப்பன் கையெழுத்து வேண்டும் என்ற வரியையும் நான்தான் சேர்த்தேன். அது இல்லாமல் நாடாளுமன்றத்தில் நம் கிர்கிஸ் ஆண்கள் வாக்களிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

இன்று காலை நாடாளுமன்றக் குழுவில் அந்த வரியை நீக்கச் சொன்னேன். உறுப்பினர் தோக்தொபெக் சிரித்தார்.

"என்னக்கா இது? மானப் பிரச்சினைன்னா அண்ணன் தம்பிங்க ஒரு ஆட்டை அடிச்சு, உக்காந்து பேசித் தீத்துக்குவாங்க. அப்பனுக்குத் தெரியாமப் புகாரா? உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா விடுவீங்களா?"

"எங்க வீட்டுப் பொண்ணுதான்" என்றேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. வாக்கெடுப்பு மூன்று மணிக்கு. வரி நீங்குமா என்று தெரியவில்லை. ஆனால் தோக்தொபெக் உன் அப்பாவுக்குச் சொந்தம். சாயங்காலத்துக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் தோழி ஜில்திஸ் அத்தையோடு அவள் வீட்டுக்குப் போய்விடு. போனில் எதையும் அழிக்காதே, அவனுக்குப் பதில் எழுதாதே. அப்பா கேட்கும்போது வீட்டில் நான் மட்டும் இருந்தால் போதும்.

உன் அம்மா