அப்பாவின் ஆட்டோமேட்டிக் கார்

12.2.2004, வியாழன்

முழங்காலில் இன்று ரெண்டு அடி. கைத்தடியின் பூண் பட்ட இடம் கன்றிப் போயிருக்கிறது. சாத்தூர் ரோட்டில் லாரியை முந்த ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டேன், அதற்கு.

"தூங்குத பிள்ளை மேல கை வைக்க மாதிரி வைக்கணும்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? கியர்பாக்ஸ் கதறுதது கேக்கலையாட்டி?"

அப்பாவுக்கு இடது முட்டி மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாதே என்றுதான், அவர் நடத்திய தீப்பெட்டி ஆபீஸ் நன்றாக ஓடிய காலத்தில் இந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார். பிறகு சர்க்கரை அவருடைய வலது பாதத்தை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஸ்டீயரிங்கில் நான், பக்கத்து சீட்டில் கைத்தடியோடு அவர்.

நாற்பதைத் தொட்டதும் காலை லேசாக எடுத்தால் கியர் தானே மேலே ஏறும், பெட்ரோல் மிச்சம். இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது, உள்ளே ஆயில் சரியாகப் போகாது. வண்டி அசையாமல் நின்ற பிறகுதான் ரிவர்ஸ். அவர் சொல்வது எதுவும் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

போன மாசம் ஆயில் மாற்றும்போது மதுரை மெக்கானிக் கிட்டு, "இத்தனை வருஷத்துக்கு கியர்பாக்ஸ் புதுசு மாதிரி இருக்கு அண்ணாச்சி. பாப்பா கையி அப்படி" என்றார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. பானெட்டைத் தடவிக்கொடுத்தார்.

3.4.2004

சாத்தூர் மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் பதில் இல்லை. பெண் பார்க்க வந்தபோது எல்லோரும் சிரித்துப் பேசினார்களே. என்னிடம் என்னதான் குறை?

30.5.2004, ஞாயிறு

எட்டயபுரத்தில் ஒரு கல்யாணம். அப்பாவை மண்டபத்தில் இறக்கிவிட்டு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினேன். கற்பகம் வந்தாள். சாத்தூர் மாப்பிள்ளையின் அக்கா.

"நீங்களா ஓட்டிட்டு வாரீங்க?"

ஆமாம் என்றேன்.

"வலிப்பு இருக்கவங்க கார் ஓட்டலாமா? பயமா இல்லையா?"

யாருக்கு வலிப்பு என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"உங்க அப்பாதான் போன் போட்டுச் சொன்னாவ. பின்னால தெரிஞ்சு சங்கடம் வரக்கூடாதுன்னு... வன்னியபெருமாள் அண்ணாச்சி மாதிரி நேர்மையான மனுஷனைப் பாக்க முடியாதுன்னு எங்கம்மா இன்னும் சொல்லுதாவ."

நேர்மையான மனுஷன்!

திரும்பி வரும்போது நாற்பதில் காலை எடுத்தேன். கியர் ஏறியதே தெரியவில்லை. வீட்டு வாசலில் அப்பா சொன்னார்: "இன்னைக்குத்தாம்ட்டி ஒழுங்கா ஓட்டியிருக்க."

31.5.2004

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டிருக்கிறாள்.

"அவிய செஞ்சது தப்புதான். நீயும் போயிட்டா அவியள ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா? ஒங்க அண்ணன் பெங்களூர்ல இருந்து வருவானா?"

அப்பாவிடமே கேட்டேன். கையிலிருந்த பேப்பரைக்கூட மடிக்கவில்லை. "ஆமா, சொன்னேன். டிரைவர் போட்டா ஆறு மாசத்துல கியர்பாக்ஸைத் தின்னுருவான். மாப்பிள்ளை எங்க ஓடிருவான்? மெதுவாப் பாக்கலாம்."

எனக்கு வயசு ஓடலையாப்பா? — கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்துச்சு. ஏன் கேக்கல? ஏன்ட்டி செல்வி கேக்கல?

5.11.2004, வெள்ளி

கை முழுக்கச் சேறு வாசனை. குளித்தும் போகவில்லை.

மழை பெய்ததும், விதைத்திருக்கும் எங்கள் காட்டைப் பார்த்தே ஆகணும் என்றார் அப்பா. எட்டயபுரம் தாண்டி மண்பாதையில் எதிரே ஒரு டிராக்டர். ஒதுங்கியதில் முன்சக்கரம் கரிசலுக்குள் இறங்கிவிட்டது. டிராக்டர் நிற்காமல் போய்விட்டது.

"சக்கரத்தைச் சுத்த விடாத. ஆயில் கொதிச்சுரும். இறங்கிப் போயி ஆளக் கூட்டிட்டு வா" என்றார். கொட்டுகிற மழையில். ஊர் கண்ணுக்கே தெரியவில்லை.

கியரை டிரைவில் போட்டு முழுசா மிதிச்சேன். சக்கரம் சுத்துச்சு. கண்ணாடியெல்லாம் சேறு. சுத்திக்கிட்டு இருக்கும்போதே ரிவர்ஸ். மறுபடி டிரைவ். மறுபடி ரிவர்ஸ்.

"ஏட்டி! ஏட்டி நிப்பாட்டு! செத்துரும்ட்டி!"

முழங்காலில் அடித்தார், தோளில் அடித்தார், காதோரத்தில் அடித்தார். சாவி என் வலது பக்கம், அவருக்குக் கை எட்டவில்லை. நான் காலை எடுக்கவில்லை. கருகிய நாற்றம் வந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் மட்டும் கத்தியது, சக்கரம் திரும்பவில்லை. எந்தப் பக்கம் போட்டாலும் அசையவில்லை.

சாவியைத் திருப்பினேன். மழைச் சத்தம் மட்டும். அப்பா அழுதார். பாதத்தை எடுத்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. எழுதிட்டேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

18.11.2004

லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டு போனோம். கிட்டு திறந்ததும் ஆயில் கரியாக வந்தது.

"எந்த மடையன் அண்ணாச்சி ஓட்டுனான்?"

"டிரைவர்" என்றார் அப்பா, என்னைப் பார்த்துக்கொண்டே.

ஓட்டியது நான்தான் என்று அண்ணனிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் யாரும் என்னை மறுபடி ஓட்ட விடமாட்டார்களே. ரிப்பேருக்கு, எனக்கென்று வைத்திருந்த நகை போகிறது. பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது அம்மா சொன்னாள்: "நீதான வெனையை இழுத்து வச்சுக்கிட்ட. ஒன் நகைதான் போகணும்."

9.1.2005

வண்டி வந்துவிட்டது. சாப்பிடும்போது அப்பா சாவியை என் தட்டுப் பக்கத்தில் வைத்தார். நாளைக் காலை நான் புதியம்புத்தூர் பஸ் ஏறுகிறேன். கூடப் படித்த வள்ளித்தாய், அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறாள்.

14.3.2005

கம்பெனிக்கு அம்மா போன். அப்பாவின் இடது காலில் புண், விரல் கறுத்துவிட்டதாம். உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம்.

"டிரைவரு வந்தான், சாவியத் தர மாட்டேங்காவ. வாடகைக் கார்லயும் ஏற மாட்டேங்காவ. செல்வி வந்தாத்தான் போவேன்னுதாவ. ஒரே ஒரு மட்டம் வாட்டி."

"ஏறச் சொல்லுங்கம்மா. இல்லைன்னா இருக்கச் சொல்லுங்க."

"அவிய காலுட்டி!"

"தெரியும்."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். எங்கள் ஊர் போகும் கோவில்பட்டி பஸ் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுதியளா, இல்லையா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

27.4.2005, புதன்

அண்ணன் பேசினான். முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்களாம். நாலு நாள் அடம்பிடித்த மனுஷனை மயக்கம் போட்ட பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற முடிந்ததாம். இப்போது வீட்டில் இருக்கிறார்.

காரை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொன்னதற்குக் கத்தினாராம். தினமும் காலையில் அம்மா ஷெட்டுக்குப் போய் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டும். அவர் கட்டிலில் கிடந்தபடியே சத்தத்தைக் கேட்பார். 'செல்வி வரும்போது பேட்டரி இறங்கியிருக்கக் கூடாது' என்கிறாராம்.

"நீ என்ன சொல்லுத?" என்றான் அண்ணன்.

"பெட்ரோல் வீணாகுதுண்ணே. வித்துருங்க."