அணையைப் பற்றி எழுதக் கூடாது

ஜனவரி 3, வெள்ளி

பத்தாவது மாவட்ட வரலாற்று ஆய்வு மாணவர் மாநாட்டின் மதிய உணவில் உளுந்து வடை இடம்பெறும். உத்தமபாளையத்தில், எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையின் அறையில், இரண்டரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு இந்த முடிவு எட்டப்பட்டது. மசால் வடை அணியினர் கடைசிவரை உறுதியாக நின்றார்கள். ஆனால் சாம்பாரில் ஊறப் போட்டால் என்னவாகும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வரலாறு அவர்களை மன்னிக்கும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்துகொண்டே, கட்டுரைகளைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். மாநாட்டுச் செயலாளர் என்ற முறையில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: இந்த ஆண்டு முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய கட்டுரைகள் ஏற்கப்பட மாட்டா. ஒன்பது ஆண்டுகளாக இந்த மாநாட்டில் அந்த அணையைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரே முற்பகலில் ஆறு பேர் கட்டினார்கள். ஆறு முறையும் வெள்ளம் அடித்துப் போனது. ஆறு முறையும் பொறியாளர் பென்னிகுயிக் மீண்டும் கட்டச் சொத்தை விற்றார்.

எல்லோரும் பையைத் தோளில் மாட்டியபடியே கை தூக்கினார்கள். என் நெறியாளர் வீரணன் ஐயா, "நல்ல யோசனைப்பா திலீபா, இன்னைக்கே சுற்றறிக்கையை அனுப்பிரு" என்றார். அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 4, சனி

நதியா போன் செய்தாள். தேவதானப்பட்டிப் பெண், எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி.

"அண்ணே, மாநாட்டுல நீங்க எதைப் பத்தி வாசிக்கப் போறீக?"

"பெரியாறு அணையும் பாசன—"

போனில் சிரிப்புக் கேட்டது. நெடுநேரம் கேட்டது.

ஜனவரி 6, திங்கள்

நிலைமையைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். கோபம் வந்தால் படித்துப் பார்க்க உதவும்.

என் முனைவர் பட்ட ஆய்வு அந்த அணையைப் பற்றியது. ஏழு ஆண்டுகளாக. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் ஒரு கட்டுரை மாநாட்டில் வாசித்திருக்க வேண்டும். அது ஆய்வோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். ஏப்ரலுக்குள் சமர்ப்பித்தால், ஜூனில் எங்கள் கல்லூரியிலேயே காலியாகும் கௌரவ விரிவுரையாளர் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதே இடத்துக்கு இன்னொரு போட்டியாளரும் உண்டு: என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் சுரேஷ்கண்ணன். ஏப்ரலுக்குள் வேறு மாநாடு எதுவும் கிடையாது.

ஆக, என் கட்டுரை அணையைப் பற்றி இருந்தாக வேண்டும். அணையைப் பற்றி இருக்கவும் கூடாது. இரண்டாவது விதியை எழுதியவன் நான்.

எப்படி மறந்தேன்? யோசித்ததில் காரணம் தெரிந்தது. மற்றவர்கள் எழுதுவது அணைக் கட்டுரை. நான் எழுதுவது ஆய்வு. இந்த நுட்பமான வேறுபாட்டைத் தீர்மானத்தில் சேர்க்க விட்டுப்போனது.

ஜனவரி 7, செவ்வாய்

வீரணன் ஐயாவிடம் தடையைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கேட்டேன். கல்லூரி முதல்வர் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு என்னைத் துணிச்சலான இளைஞர் என்று பாராட்டினாராம். "இப்பப் போயி மாத்துனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

துணிச்சலான இளைஞன் வெளியே வந்து டீ குடித்தான். டீக்கடைச் சுவரில் பென்னிகுயிக் படம். மாலையெல்லாம் போட்டு. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

ஜனவரி 15, புதன்

லோயர் கேம்ப் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் அவர் பிறந்தநாள் பொங்கல். ஆண்டுதோறும் அம்மா சின்னமனூரிலிருந்து பானையோடு கிளம்பிவிடுவாள். நானும் சிலைக்கு முன் நின்று கும்பிட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் அவரைத் தடை செய்த ஒரே ஆள் நான் என்பது சுற்றி நின்றவர்களுக்குத் தெரியாதது நல்லது.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஏலே, அந்த டேமக் கட்டுனவக எத்தன வருசத்துல கட்டுனாக?"

"எட்டு."

"நீ எத்தன வருசமா எழுதுற?"

பொங்கல் பொங்கிவிட்டது. எல்லோரும் குலவையிட்டார்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

கட்டுரைச் சுருக்கங்கள் வந்து குவிகின்றன. தடையை எல்லோரும் மதித்திருக்கிறார்கள். சுரேஷ்கண்ணனின் தலைப்பு: 'மலைப்பாதையில் சுண்ணாம்பு ஏற்றிச் சென்ற மாட்டுவண்டிகளின் சமூக வரலாறு'. வண்டிகள் எங்கே போயின, சுண்ணாம்பு எதற்கு என்பதைக் கட்டுரை நாகரிகமாகத் தவிர்க்கிறது. இன்னொன்று, 'எல்லைக்கு அப்பால் ஒரு கற்சுவர்'. மற்றொன்று, 'மலைக்காட்டில் மலேரியா: சில பொறியாளர்களின் அனுபவம்'.

"மாட்டுவண்டி பிரமாதம்" என்றேன் சுரேஷ்கண்ணனிடம்.

"மாட்டைத் தடை பண்ணிராதப்பா, வேற ஒண்ணும் கைவசம் இல்ல" என்றான்.

சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வேடும் அவனிடம் தயார். நல்ல பையன். அதுதான் எரிச்சல்.

ஜனவரி 22, புதன்

நதியா வழி சொல்லிவிட்டாள்.

"அண்ணே, தண்ணி வராத ஊரப் பத்தி எழுதுங்க. அணைன்னு ஒரு வார்த்த வராது. ஆய்வுக்கும் சம்பந்தம் இருக்கும்."

"தண்ணி வராத ஊரா?"

"ஏண்ணே, எங்க ஊருப் பக்கம் ஒங்க பெரியாத்துத் தண்ணி ஒரு சொட்டு வந்திருக்கா? எங்களுக்கு மஞ்சளாறு. ஆண்டிபட்டிக்காரகளக் கேட்டுப் பாருங்க, என்ன சொல்றாகன்னு."

நான் வாய்க்காலை ஒட்டிய சின்னமனூர் வயல்களைப் பார்த்து வளர்ந்தவன். என் ஆய்வேட்டின் நான்காம் இயல், அணையால் அவள் ஊரும் சேர்த்து இன்றைய தேனி மாவட்டம் முழுவதும் செழித்தது என்று நிறுவுகிறது. முழுவதும் என்று எழுதியபோது வீட்டு மாடியிலிருந்து தெரிந்தவரை மனதில் வைத்திருக்கிறேன் போல.

ஜனவரி 26, ஞாயிறு

தேவதானப்பட்டி. நதியாவின் அப்பா சின்னக்கருப்பு தோட்டத்துக் கிணற்றைக் காட்டினார். இங்கே பெரியாற்றுப் பாசனம் எப்போதாவது வந்ததா என்று, ஆய்வாளருக்குரிய மரியாதையோடு கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெயில்ல வந்திருக்கீக. மொதல்ல மோரு குடிங்க தம்பி."

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு வாரமாக ஆண்டிபட்டி, போடி, தேவதானப்பட்டி என்று பஸ்ஸிலேயே இருக்கிறேன். கட்டுரை தானாக எழுதிக்கொண்டு போகிறது. ஏழு ஆண்டுகளில் இப்படி ஒருநாள்கூட நடந்ததில்லை. உடம்புக்கு ஏதாவது இருக்குமோ?

பிப்ரவரி 7, வெள்ளி

மாநாடு.

குத்துவிளக்கை ஏற்ற மின்விசிறியை நிறுத்தினார்கள். விளக்கு எரிந்தது, எல்லோருக்கும் வியர்த்தது, விசிறியைப் போட்டார்கள், விளக்கு அணைந்தது. சிறப்பு விருந்தினர் மதுரைப் பேராசிரியை சாபிரா, பிறந்த ஊர் கம்பம். பொன்னாடை வேண்டாம் என்று சொன்னதால் அவருக்கு இரண்டு போர்த்தினார்கள்.

கட்டுரை வாசித்தவர்களுக்கு உடனே சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழ் வாங்கியவர்களுக்கு உடனே வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனது. வடை வரைக்கும் கூட்டம் தாங்கியது. பிற்பகலில் என் முறை வந்தபோது நதியாவும், சுரேஷ்கண்ணனும், கம்பம் பஸ்ஸைத் தவறவிட்ட சிலரும் இருந்தார்கள். மேடையில் பேராசிரியையும் வீரணன் ஐயாவும்.

ஐயா என்னை அறிமுகப்படுத்தினார். "அணையால் மாவட்டம் முழுமையும் செழித்ததைத் தன் ஆய்வில் நிறுவியிருப்பவர்." பாசத்தோடுதான் சொன்னார்.

நான் வாசித்தேன். அணை என்ற சொல் வரவில்லை. வராத தண்ணீர்தான் வந்தது, ஊர் ஊராக. நேரம் முடிந்தது என்று மணியடிக்க வேண்டிய நதியா அடிக்க மறந்துவிட்டாள். முடிந்ததும், "கேள்விகள் இருந்தால்..." என்று ஐயா வழக்கம்போல இழுத்தார். ஒன்பது ஆண்டுகளாக அந்த இடத்தில் யாரும் எதுவும் கேட்டதில்லை. நன்றியுரைக்கு ஆள் எழுந்தாயிற்று.

பேராசிரியை மைக்கை இழுத்துக்கொண்டார்.

"தம்பி, நல்லா இருந்துச்சு. ஒரே ஒரு சந்தேகம். அறிமுகத்துல மாவட்டம் முழுக்கச் செழிச்சுச்சுன்னு சொன்னாக. நீங்க பாதி ஊருக்குத் தண்ணியே வரலேங்கிறீக. இதுல எது சரி?"

இதற்கென்றே எங்கள் துறையில் ஒரு பதில் வைத்திருக்கிறோம்: இரண்டும் அதனதன் கோணத்தில் சரியே. அதைச் சொன்னால் நெறியாளர் பெயர் நிற்கும், ஏப்ரல் நிற்கும், ஜூன் நிற்கும். வாயைத் திறந்தேன். ஐயா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுரைதான் மேடம் சரி" என்றேன். "நாலாம் இயல் தப்பு."

ஏன்டா திலீபா சொன்ன? யாரு ஒன்னயக் கேட்டா — சரி, அவங்க கேட்டாங்க. கேட்டா சொல்லிருவியா? இத்தனை வருசம் மாநாடு நடத்தி எதுவுமே கத்துக்கலையா நீ?

நதியா மட்டும் கை தட்டினாள். பிறகு பேராசிரியை. பிறகு, கொஞ்சம் தயங்கி, சுரேஷ்கண்ணன்.

பிப்ரவரி 8, சனி

எழுத ஒன்றுமில்லை. மிஞ்சிய வடை இரண்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஐயா அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"ஏம்ப்பா, அது தப்புன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வாரமாத்தான் ஐயா."

"இந்த ரூமுக்குள்ள வந்து சொல்லியிருந்தா எனக்குக் காது கேட்டிருக்காது. கையெழுத்துப் போட்டிருப்பேன். மைக்குல சொல்லிப்புட்டியே. இப்ப அந்த இயலுக்குக் கீழ நான் எப்படிப்பா கையெழுத்துப் போடுவேன்?"

"ஏப்ரலுக்குள்ள மாத்தி எழுதிரவா ஐயா?"

"ஏழு வருசமா எழுதுன வேகம் எனக்குத் தெரியாதா?"

இருவரும் சிரித்துவிட்டோம். வெளியே வரும்போது, "கட்டுரை நல்லாத்தான்ப்பா இருந்துச்சு" என்றார், மேசையிடம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். இன்னும் ஓராண்டு ஆகும் என்றேன்.

"அப்ப எட்டு. கட்டுனவகளும் நீயும் சரிக்குச் சரி" என்றாள். ஆறுதல் சொன்னாளா என்று இன்னும் தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

போடிக்குக் கிழக்கே ஒரு ஊர். வெயில். மூன்று கிணறு, இரண்டு மோர். நதியா ஞாயிற்றுக்கிழமை ஆண்டிபட்டிப் பக்கம் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

நீட்டிப்பு மனுவில் ஐயா கையெழுத்திட்டார். சுரேஷ்கண்ணன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு எல்லோருக்கும் அல்வா கொடுத்தான். எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

ஜூன் 18, புதன்

கௌரவ விரிவுரையாளராகச் சுரேஷ்கண்ணன் சேர்ந்தான். மாவட்ட வரலாற்றுப் பாடத்தை அவனுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நாளை முதல் வகுப்பு. தயார் செய்ய நேரமில்லை என்று, மாற்றி எழுதிவரும் என் நான்காம் இயலைக் கேட்டான். கொடுத்தேன்.